தேளின் கொடுக்கும் மருந்துக் குளிசையும்

தேள் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் காலைத் தூக்கிக்கொள்வர். குளிசை என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுவார் எவருமில்லை. ஒன்று விறகுக் குவியலில் ஒளிந்திருக்கும் பகை. மற்றது வைத்தியர் தந்த துணை. இவ்விரண்டும் உடலினுட் புகுந்த பின்னர்ச் சென்று பற்றும் இடம் ஒரே இனத்தது என்று கூறினால் நம்புதற்குக் கடினமாகவே இருக்கும். எனினும் உண்மை அதுவே. யாழ்ப்பாணத்துச் செந்தேளின் நஞ்சிலுள்ள சில புரதங்களும், நம் வீடுகளில் சலரோகத்துக்கென நாள்தோறும் விழுங்கப்படும் சிறு குளிசையும், ஒவ்வாமைக்கென உலகெங்கும் விற்கப்பட்டுப் பின்னர் விலக்கப்பட்ட ஒரு மருந்தும், நம் உடற்கலங்களில் அமைந்துள்ள பொற்றாசிய வாயில்களையே பற்றுகின்றன. இது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதையும், இதனால் இல்லறத்தார் அறிந்துகொள்ள வேண்டுவது யாது என்பதையும் இக்கிழமை நோக்குவோம்.

கலத்தின் மடை

நம் குடாநாட்டுத் தோட்டங்களிற் கிணற்று நீர் வாய்க்கால் வழியே ஓடிவருவதைக் காணாதார் யார்? நீர் மாறுபவர் மண்வெட்டியால் மடையொன்றைத் திறப்பார். பாத்தி நிறைந்ததும் ஒரு வெட்டு மண்ணால் அதனை அடைத்து, அடுத்த மடையைத் திறப்பார். உரிய வேளையில் திறந்து உரிய வேளையில் அடைத்தாலன்றி வெங்காயமும் பிழையாது, புகையிலையும் பிழையாது.

நம் உடலின் ஒவ்வொரு கலத்தையும் கொழுப்பாலாகிய மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. மின்னேற்றம் கொண்ட அயன்கள் அச்சவ்வைத் தாமாகக் கடந்து செல்ல இயலா. அவை செல்லுதற்கென்றே சவ்வின் குறுக்கே புரதத்தாலாகிய நுண்ணிய மடைகள் உள்ளன. சோடியத்துக்கு ஒரு மடை, கல்சியத்துக்கு ஒரு மடை, பொற்றாசியத்துக்கு ஒரு மடை என அவை வெவ்வேறானவை. கலத்தின் உள்ளே பொற்றாசியம் வெளியிலுள்ளதைப் போல் ஏறத்தாழ முப்பது மடங்கு செறிந்திருக்கின்றது. ஆகவே, பொற்றாசிய மடை திறந்தவுடன் அவ்வயன்கள் வெளியே பாய்கின்றன. ஒரே மடையினூடாக ஒரு செக்கனிற் பத்துக் கோடி வரையான அயன்கள் சென்றுவிடக்கூடும்.

இவ்வளவு விரைவிலும் ஆள் மாறாட்டம் நிகழ்வதில்லை என்பதே வியப்பு. சோடிய அயன் பொற்றாசிய அயனினுஞ் சிறியது. இருந்தும் இம்மடையினுள் அது நுழைவதில்லை. நீரில் இருக்கும்போது பொற்றாசிய அயனை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து தாங்குகின்றன. மடையின் குறுகிய பகுதியிலுள்ள ஒட்சிசன் அணுக்கள், அந்நீர் மூலக்கூறுகள் எத்துணைத் தொலைவில் நின்றனவோ அத்துணைத் தொலைவிலேயே நின்று அயனை ஏற்றுக்கொள்கின்றன. சிறிய சோடியத்தை அவ்வாறு அணைத்துக்கொள்ள அவற்றால் இயல்வதில்லை. இவ்வமைப்பை 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் றொடெறிக் மக்கினன் படமெடுத்துக் காட்டினார். அதற்காக 2003-ஆம் ஆண்டின் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

உயிரியல் கற்கும் மாணவர் இங்கே ஒன்றை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். சோடியமும் கல்சியமும் உட்புகும்போது கலம் கிளர்ச்சியடைகின்றது. பொற்றாசியம் வெளியேறும்போது கலம் அடங்குகின்றது. சுருங்கக் கூறின், பொற்றாசிய மடை ஓய்வு தரும் மடை. அதனை அடைத்தால் கிளர்ச்சி அடங்காது நீடிக்கும். மனித உடலில் இம்மடைகளை ஆக்கும் பரம்பரை அலகுகள் ஏறத்தாழ எண்பது உள. நரம்பில் ஒரு வகை, இதயத்தில் ஒரு வகை, சதையியில் ஒரு வகை என அவை பரந்துள்ளன. இனி வரும் மூன்று வரலாறுகளும் இவ்வொரு விதியின் மூன்று விளைவுகளே.

தமிழ்ப் பெயர் பூண்ட தேள்

நம் நாட்டிலுள்ள தேள்களுள் உயிருக்கு ஆபத்து விளைக்கத்தக்கதென மருத்துவர் கருதுவது செந்தேள். 1798-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் பப்ரீசியஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது 'தமுலுஸ்' என்று குறித்தார். தமிழ் என்னும் நம் மொழிப் பெயர் அதில் ஒலிக்கின்றது. இந்தியாவிற் பரவலாகக் காணப்படும் இவ்வினம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வாழ்கின்றது என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குலரத்தின, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை வைத்தியர் சிவன்சுதன் முதலியோர் 2013-இல் அறிக்கையாக வெளியிட்டனர். பெரிய கரிய நட்டுவக்காலியைக் கண்டு நாம் நடுங்குகின்றோம். அதன் கொட்டு நோவு தருமேயன்றிப் பெரும்பாலும் உயிரை வாங்குவதில்லை. செந்தேளோ உருவிற் சிறியது; இடுக்கிகள் மெலிந்தவை, வால் பருத்தது. அஞ்ச வேண்டுவது இதற்கே.

இத்தேளின் நஞ்சு ஒரே பொருளன்று. பல சிறு புரதங்களின் கலவை. அவற்றுட் சில சோடிய மடைகளை மூடவொட்டாமற் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில பொற்றாசிய மடைகளை அடைத்துவிடுகின்றன. ஒருபுறம் கிளர்ச்சி தரும் மடை திறந்தபடியே நிற்க, மறுபுறம் ஓய்வு தரும் மடை அடைபட்டுப் போனால் நரம்பின் நிலை யாதாகும்? அது ஓயாது துடிக்கின்றது. அதன் விளைவாக அதிரினலினும் அதனையொத்த பொருள்களும் குருதியிற் பெருகுகின்றன. வியர்வையும் வாந்தியும் தோன்றும், கை கால் குளிரும், இதயம் விரைந்தடிக்கும், குருதியமுக்கம் ஏறும். கடுமையான நிலையில் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும். சிறு உடல் கொண்ட பிள்ளைகளுக்கே இவ்வாபத்து மிகுதி.

1990-இல் இத்தேளின் நஞ்சிலிருந்து ஆய்வாளர் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஐபீரியோடொக்சின் என்பது அதன் பெயர். முப்பத்தேழே அமினோ அமிலங்களாலாகிய சிறு புரதம் அது. பொற்றாசிய மடைகளுள் மிகுந்த அயன்களைச் செல்லவிடும் பெருமடை ஒன்று உண்டு. குருதிக் குழாய்களின் தசை இளகுவதற்கு உதவுவது அது. ஐபீரியோடொக்சின் ஏனைய மடைகளை விட்டு இப்பெருமடையையே தேடிப் பற்றுகின்றது. 2002-இல் இதே நஞ்சிலிருந்து அறியப்பட்ட வேறொரு புரதம் தமாபின். அது பற்றுவது வேறொரு சிறுமடையை. இன்று உலகின் பல ஆய்வுகூடங்களில் எந்த மடை என்ன தொழில் செய்கின்றது என அறிய இப்புரதங்களையே கருவியாகக் கையாள்கின்றனர்.

மடை எங்ஙனம் அடைபடுகின்றது? இதே அமைப்புடைய மற்றொரு நஞ்சை மேற்காசியத் தேளொன்றிலிருந்து 1985-இல் அமெரிக்க அறிஞர் கிறிஸ்தோபர் மில்லரும் துணைவரும் அறிந்தனர். அந்நஞ்சுப் புரதத்திலிருந்து இலைசீன் என்னும் அமினோ அமிலத்தின் ஒரு கை நீண்டிருக்கின்றது. அக்கையின் நுனியில் பொற்றாசியத்தைப் போன்றே நேர் மின்னேற்றம் உண்டு. அக்கை மடையின் வாய்க்குள் தக்கையைப் போலப் புகுந்து அடைக்கின்றது. மக்கினன் இத்தகைய தேள் நஞ்சைக் கொண்டே 1991-இல் பொற்றாசிய மடை நான்கு கூறுகள் கூடி அமைந்தது என நிறுவினார். கொட்டுவதற்கென உண்டானது அறிவுக்குத் துணையாயிற்று.

நஞ்சேறியவரைக் காப்பதற்கும் வழி பிறந்தது. மகாராட்டிர மாநிலத்தின் மகாடு என்னும் சிற்றூரில் பணிபுரிந்த வைத்தியர் இம்மத்துராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டிய ஏழைக் குடியானவரும் பிள்ளைகளும் கண்முன்னே இறப்பதைக் கண்டு பொறாதவராய் ஆராய்ந்தார். குருதியமுக்கத்தைத் தணிக்கும் பிரசோசின் என்னும் மலிவான குளிசை, அதிரினலின் குருதிக் குழாய்களை இறுக்குவதைத் தடுக்கும் என அவர் கண்டு, அதனை வழங்கலானார். 1986-இல் அவர் எழுதிய கட்டுரை இலண்டன் இலான்செற் இதழில் வெளியாயிற்று. கடுமையாக நஞ்சேறியவர்களுள் முன்னர்ப் பெருந்தொகையினர் இறக்க, அக்குளிசை வந்தபின் இறப்பு மிகவும் அருகியது. யாழ்ப்பாணத்திலும் அக்குளிசையே கைகொடுத்து வருகின்றது. 2022-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

சதையியின் மடை

இனி நம் வீட்டு அலுமாரிக்கு வருவோம். 1942-இல் பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரில் மார்செல் யன்போன் என்னும் வைத்தியர், நெருப்புக் காய்ச்சல் நோயாளருக்குப் புதிய மருந்தொன்றைக் கொடுத்தபோது அவர்களுட் சிலருக்குக் குருதிச் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்வதைக் கண்டார். அந்நகரத்து ஒகுஸ்த் லுபத்தியேர் அதனை மேலும் ஆராய்ந்தார். காய்ச்சலுக்கு வந்த மருந்தின் தீங்கே சலரோகத்துக்கு மருந்தாக மாறிற்று. இன்று நாம் அறிந்த கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு முதலிய குளிசைகள் அவ்வினத்தைச் சேர்ந்தவை. அவை எங்கே பற்றுகின்றன என்பது 1980-களிலேயே புலனாயிற்று. நாற்பது ஆண்டுக் காலம் மடையை அறியாமலே மருந்தைக் கையாண்டோம்!

சதையியிலுள்ள இன்சுலின் சுரக்கும் கலங்களில் ஒரு தனிவகைப் பொற்றாசிய மடை உண்டு. நாம் உண்ட பின்னர்ச் சீனி கலத்தினுட் புகுந்து எரிந்து சக்தியாகும்போது அம்மடை தானே மூடிக்கொள்கின்றது. ஓய்வு தரும் மடை மூடவே கலம் கிளர்ச்சியுறுகின்றது, கல்சியம் உட்புகுகின்றது, இன்சுலின் வெளிப்படுகின்றது. உணவு வந்தது என்பதை உடல் அறிந்துகொள்ளும் முறை இது. மேற்கூறிய குளிசைகள் அம்மடையின் பக்கத்தே சென்று பற்றி, உணவு வந்தாலும் வராவிட்டாலும் அதனை மூடிவிடுகின்றன. உண்டாயோ என்று குளிசை வினாவுவதில்லை. இன்சுலின் சுரக்கும்; சீனி வீழும்.

இதன் நன்மையை முதலிற் கூறுவோம். பிறந்த சில மாதங்களிலேயே சலரோகம் கண்ட குழந்தைகள் சிலருக்கு அம்மடையின் பரம்பரை அலகிலேயே பழுதிருப்பதை 2004-இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரத்து ஆய்வாளர் கண்டனர். அவர்களுடைய மடை மூடுவதேயில்லை. ஆதலின் இன்சுலின் சுரப்பதில்லை. 2006-இல் வெளியான ஆய்வொன்றில் அத்தகைய 49 பேருக்கு இக்குளிசையைக் கொடுத்தபோது 44 பேர் இன்சுலின் ஊசியை முற்றாக விட்டனர். சென்னையில் வைத்தியர் மோகன் அவர்களின் சலரோக ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய குழந்தைகளைப் பரம்பரை அலகுச் சோதனையால் அடையாளங் கண்டு ஊசியிலிருந்து குளிசைக்கு மாற்றியுள்ளனர். நாள்தோறும் ஊசியால் அழுத பிள்ளை வாயால் மருந்துண்டு விளையாடச் செல்வதை அத்தாய்மார் கண்டனர்.

தீமை எங்கே வருகின்றது? கந்தசட்டி விரதத்தில் ஆறு நாளும் நீர் மட்டும் அருந்தி நோற்பவர் நம்மிடையே பலர். சிவராத்திரிக்கும் உபவாசம் இருப்போம். வழக்கம்போற் காலைக் குளிசையை விழுங்கிவிட்டு உணவை மட்டும் ஒழித்தால், மூடிய மடை மூடியபடியே இருக்க, சீனி வீழ்ந்துகொண்டே போகும். உடல் நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும், ஈற்றில் மயக்கம் வரும். விரதக் களைப்பென்றும் முதுமையென்றும் சுற்றத்தார் எண்ணியிருக்க, மூளைக்குச் சீனி எட்டாமற் போகின்றது. கிளிபென்கிளமைட்டு நெடுநேரம் வேலை செய்வது. சிறுநீரகம் தளர்ந்த முதியவரில் இன்னும் நீடிக்கும். ஆதலால் சீனி கொடுத்துத் தெளிந்தவரும் மீண்டும் மயங்கக்கூடும். வேறொன்றும் உண்டு. தவழும் குழந்தையொன்று பேரனாரின் இக்குளிசையில் ஒன்றை எடுத்து விழுங்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து. பேரனாருக்கு அமிழ்தமாவது பேரனுக்கு நஞ்சாகும்.

இதயத்தின் மடை

மூன்றாவது மடையின் பெயர்க் கதை சுவையானது. 1969-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஈதர் என்னும் மயக்க மருந்தை முகர்ந்ததும் கால்களை உதறி ஆடும் பழ ஈ வகையொன்றைப் பற்றி எழுதினர். அக்காலத்து நடனக் கூடங்களில் பெயர்பெற்றிருந்த ஆட்டத்தை நினைந்து அப்பரம்பரை அலகுக்கு 'ஈதர் அ கோ கோ' என்று பெயர் வைத்தனர். 1994-இல் அதனையொத்த அலகு மனிதரிலும் உண்டென அறியப்பட்டது. ஈயின் கால்களை ஆட்டிய அலகின் உறவு, மனிதரில் இதயத்தின் ஓய்வைக் காக்கின்றது. ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் இம்மடையினூடாகப் பொற்றாசியம் வெளியேறியே இதயத் தசை அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகின்றது. மடை அடைபட்டால் ஓய்வு பிந்தும், துடிப்பின் ஒழுங்கு குலையும், சிலவேளை மனிதர் நின்ற நிலையிலேயே மயங்கி வீழ்வர், இறப்பும் நேரலாம்.

ஏனைய மடைகளினும் இம்மடைக்குள் மருந்துகள் எளிதில் அகப்பட்டுக்கொள்கின்றன. இதன் உட்புறத்தே மருந்து மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளத்தக்க வளைய வடிவான அமினோ அமிலங்கள் உள்ளன. தேளின் நஞ்சு வெளியிலிருந்து தக்கையிடுகின்றது. மருந்தோ கலத்தின் உள்ளே சென்று உட்புறமிருந்து மடையிற் சிக்குகின்றது. தேபெனடீன் என்னும் ஒவ்வாமைக் குளிசை 1985 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டது. உறக்கம் தராத மருந்தென்று மக்கள் விரும்பி உண்டனர். உண்மையில் ஈரல் அதனை விரைந்து வேறொரு பொருளாக மாற்றிவிடும். அப்பொருளே நோயைத் தணித்தது. ஆனால் எரித்திரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியையோ, பூஞ்சண நோய்க்கான சில குளிசைகளையோ உடன் உண்டவர்களில் ஈரலின் அத்தொழில் தடைப்பட்டது. மாறாத தேபெனடீன் குருதியில் மிகுந்து இதய மடையை அடைத்தது. 1990 தொடக்கம் மருத்துவ இதழ்களில் இவ்வாபத்து வெளியாயிற்று. 1998-இல் அம்மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து நீங்கியது. ஈரல் ஆக்கித் தந்த அந்தத் தீங்கற்ற பொருளையே பெக்சோபெனடீன் என்னும் பெயரில் இன்று நாம் உண்கின்றோம்.

தனித்தனியே தீங்கற்ற இரு குளிசைகள் கூடியபோது தீங்கு விளைந்தமையே இவ்வரலாற்றின் பாடம். இதன் பயனாக, புதிய மருந்தெதுவும் இதய மடையைப் பற்றுகின்றதா எனச் சோதித்த பின்னரே மனிதருக்குக் கொடுக்கும் முறை உலகெங்கும் வந்தது. வாந்திக்கு நாம் சாதாரணமாக வாங்கும் டொம்பெரிடோன் குளிசையின் அளவையும் நாட்களையும் 2014-இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் மட்டுப்படுத்தியதும் இதயத்தைப் பற்றிய இவ்வச்சத்தினாலேயே.

இல்லத்தார் கடன்

தேள் கொட்டியவரைப் பதறவிடாது, கொட்டிய இடத்தைக் கீறாது, கயிற்றால் இறுகக் கட்டாது, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. பிள்ளையாயின், நோவு மட்டுமே உளதென்று வீட்டில் வைத்திருத்தல் தகாது. விறகும் ஓடும் கல்லும் குவிந்த இடத்திற் கை வைக்குமுன் பார்த்தலும், சப்பாத்தை உதறி அணிதலும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியவை.

சலரோகக் குளிசை உண்பவர் விரதம் தொடங்குமுன் தம் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். குளிசையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. உண்டுவிட்டுப் பட்டினி கிடப்பதும் தவறு. நடுக்கமும் வியர்வையும் கண்டால், நினைவுள்ளவருக்குச் சீனி கரைத்த நீர் கொடுக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. இருவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். குளிசைகளைக் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்திற் பூட்டி வைக்க. வைத்தியரிடம் செல்லும்போது வீட்டில் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துட்பட, ஒரே பையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டுக. ஒருவருக்கு எழுதிய குளிசையை அயலவருக்கு ஈவது அன்பென்று கருதற்க. நின்றாற்போல் மயங்கி வீழ்ந்தவரோ, இளவயதிலே திடீரென இறந்த உறவினரையுடையவரோ அச்செய்தியை வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும். அவருடைய இதய மடை பிறவியிலேயே தளர்ந்ததாயிருக்கலாம். அத்தகையவருக்கு ஆகாத மருந்துகள் பல.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் நம் முன்னோர். அளவோடு இடத்தையும் சேர்த்து நோக்குக என்கின்றது இன்றைய விஞ்ஞானம். சைவர்களாகிய நமக்கு அதுவும் புதிதன்று. பாற்கடலில் எழுந்த ஆலகாலம் கீழே இறங்கியிருப்பின் அழிவாயிருக்கும். கண்டத்தில் நின்றமையால் அணியாயிற்று. மருந்தும் அத்தகையதே. உரிய மடையில் உரிய அளவில் நிற்குமளவும் அது மருந்து. அவ்வெல்லை கடந்தவிடத்துத் தேளின் கொடுக்கும் அதுவும் ஒன்றே. விறகுக் குவியலிற் கை வைக்குமுன் காட்டும் எச்சரிக்கையைக் குளிசைப் போத்தலைத் திறக்குமுன்னும் காட்டுவோமாக.